மலை உச்சியில ஒரு கடல் மீட்டிங்: கொடைக்கானல் டைரி

கொடைக்கானல் போயிட்டு வந்து மூக்கு இன்னும் அடைச்சே கெடக்கு. மேல சிக்னல் வர்றதும் போறதுமா இருந்ததால அன்னன்னைக்கு நோட்டுல கிறுக்கி வச்சத இப்பதான் ஒவ்வொரு நாளா டைப் பண்ணிப் போடுறேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

ஜூன் 9, 2025 - மண்டபத்துல இருந்து மேல

கடல் பாதுகாப்புப் பகுதிகள தனித்தனித் தீவா விடாம, வட்டார அளவுல ஒரு வலையமைப்பா எப்படி மேம்படுத்துறதுன்னு மூணு நாள் பயிலரங்கம். எடம் கொடைக்கானல், கடல் மட்டத்துல இருந்து 2,100 மீட்டர் மேல. அழைப்பு வந்தப்ப தப்பா அனுப்பிட்டாங்கன்னுதான் நெனச்சேன். நான் மீன் எறங்குற கரையில நின்னு கணக்கெடுக்குற ஆளு, ஸ்வெட்டர்னு ஒன்ன தொட்டுக்கூட பாத்ததில்ல. என்னோட ஊர்ல (ராமேஸ்வரம் பக்கம், மண்டபம்) கடல்பாசி எடுக்குற அக்கா ஒருத்தங்களையும் மக்கள் பிரதிநிதின்னு கூப்பிட்டிருந்தாங்க. அவங்க கேட்ட மொதக் கேள்வி, "ஏன் தம்பி, கடலப் பத்திப் பேச மலைக்கா போகணும்? மலையப் பத்திப் பேசணும்னா தனுஷ்கோடிக்கு வருவாகளோ?"

பதில் இல்ல. யாருக்கோ குளிர் புடிச்சிருக்கு போல.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். விசைப்படகு எல்லாம் கட்டிக் கெடக்கு, பாசிக்கும் அந்த நேரத்துல போறதில்ல, அதனால அக்காவுக்கு வரத் தோதா இருந்துச்சு. ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை, வழி நெடுக வைகை மணலாத்தான் கெடந்துச்சு. மதுரையில இருந்து ஏற்பாட்டுக்காரங்க வேன். வத்தலக்குண்டுல பரோட்டா, சால்னா, ஆளுக்கு 70 ரூபா, சால்னா நெசமாவே நல்லா இருந்துச்சு, அக்கா ரெண்டு தடவ கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டாங்க.

அப்பறம் சோதனைச்சாவடி. கொடைக்கானலுக்கு வண்டி ஏறணும்னா இ-பாஸ் வேணும், போன வருஷத்துல இருந்து கோர்ட் உத்தரவு. எங்க வேனுக்கு எடுத்த பாஸ்ல வண்டி நம்பர்ல ஒரு எழுத்து மாறிப்போச்சு. ஒன்னேகால் மணி நேரம் ஓரமா நின்னோம். டிரைவர் யார் யாருக்கோ போன் போடுறாரு, மழை தூறுது, அக்கா காலுக்கடியில இருந்த பையில இருந்து ஒரு வாசன கிளம்புது. நெத்திலிக் கருவாடு. "அங்க சோறு எப்படி இருக்குமோன்னு கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்". கொஞ்சம்னா ஒரு கிலோ இருக்கும். முன் சீட்டுல இருந்த ஆராய்ச்சி மாணவி ஜன்னலத் தொறந்தாங்க, குளிர் உள்ள வந்துச்சு, மூடுனாங்க, வாசன வந்துச்சு, தொறந்தாங்க. மேல போய்ச் சேர்ற வரைக்கும் இதே கூத்துதான்.

ஜூன் 10 - மேப்பும் பாசா மீனும்

காலையில கண்ணாடி முழுக்க மஞ்சு. ஏரி இருக்குன்னு சொன்னாங்க, எங்க இருக்குன்னு தெரியல. ரோட்டோரக் கடையில டீ 20 ரூபா, ஆனா டம்ளரப் புடிச்சிட்டு நிக்கிறதுக்கே அந்தக் காசு குடுக்கலாம். மூஞ்சிக்கல் பக்கம் பேரம் பேசி 450க்கு ஒரு ஸ்வெட்டர். அக்கா சேலைக்கு மேல மகனோட ஜெர்கின மாட்டிக்கிட்டு, தலையில துண்டக் கட்டிக்கிட்டு, கடலுக்குள்ள எறங்குற மாதிரியே கெளம்பிட்டாங்க.

மொத அமர்வுல ஒரு மேடம் பேசுனாங்க, நல்லாவே பேசுனாங்க. அவங்க சொன்னத எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். பாருல, அதாவது கடலுக்கடியில இருக்கற பவளப்பாறையில, வாழ்ற மீன் பலது வளந்தப்பறம் ரொம்பத் தூரம் போறதில்ல, ஆனா அதோட முட்டையும் குஞ்சும் நீரோட்டத்துல எங்கெங்கயோ போகும். சிங்கி றாலோட குஞ்சு மாசக்கணக்குல மெதந்துட்டே இருக்கும். அப்ப நீங்க ஒரு எடத்த மட்டும் காப்பாத்துனா அங்க பொறந்தது போய்ச் சேர்ற எடத்துல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால ஒவ்வொரு வகைக் கடலுக்கும் (பாரு, கடல்புல், சேறு, அலையாத்தி) ஒன்னுக்கு மேல பாதுகாப்பு எடம் வேணும், குஞ்சு போய்ச் சேர்ற தூரத்துக்குள்ள அடுத்தது இருக்கணும். கலிபோர்னியாவுல 1999ல சட்டம் போட்டு, 2012ல கரை முழுக்க முடிச்சிருக்காங்க, மொத்தம் 124 எடம். ஒன்னுக்கும் அடுத்ததுக்கும் 50ல இருந்து 100 கிலோமீட்டர் இடைவெளின்னு அறிவியல் ஆட்கள் வழிகாட்டுதல் குடுத்தாங்களாம். ஆஸ்திரேலியா பவளத்திட்டுல 2004ல எல்லைய மாத்தி வரைஞ்சப்ப, மீனே புடிக்கக்கூடாதுங்கற பகுதி 5 சதவீதத்துக்கும் கீழ இருந்தது 33 சதவீதம் ஆச்சு.

அப்பறம் நம்ம மேப். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 1986, 21 தீவு. மண்டபம் 7, கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4. அதுல ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சு. அதச் சுத்தி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம், 1989. அந்தப் பக்கம் பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில கடல்பசுக் காப்பகம், 2022 செப்டம்பர், 448 சதுர கிலோமீட்டர். ரெண்டுக்கும் பச்சக் கலரு அடிச்சிருந்தாங்க. போன வாரம்தான் தனுஷ்கோடியில பூநாரை சரணாலயம் அறிவிச்சாங்க, அது மேப்புல இன்னும் ஏறல, ஒருத்தர் எழுந்து அத ஞாபகப்படுத்துனாரு, எல்லாரும் கை தட்டுனோம்.

எனக்கு அந்தப் பச்ச தெரியல, நடுவுல விட்ட வெள்ளதான் தெரிஞ்சுச்சு. மண்டபம் வடக்குக் கரை, தேவிபட்டினம், தொண்டி, மொத்த ராமநாதபுரம் பாக் விரிகுடாக் கரையும் வெள்ளையா. நான் தெனமும் நோட்டத் தூக்கிட்டு நிக்கிற எடம்.

அக்கா என் காதுல கேட்டாங்க, "தம்பி, தென்கடல்தான பச்சையா இருக்கு? வடகடல் என்ன கலரு?" கலர் இல்லக்கான்னேன். எங்க ஊர்ல மன்னார் வளைகுடான்னும் பாக் விரிகுடான்னும் யாரும் சொல்றதில்ல, தென்கடல், வடகடல். கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசத்துல தென்கடல் பொங்கும், வல்லத்த (நாட்டுப்படகுதான்) வடகடலுக்குக் கொண்டு போயிருவாங்க. வாடை வந்தா வடகடல் கலங்கும், திரும்ப தெற்க வருவாங்க. ஒரே ஊரு, ஒரே படகு, ரெண்டு கடல். ஆனா ஆபீஸ் கணக்குல அது ரெண்டும் வேற வேற ஃபைல்.

இத அக்கா எழுந்து சொன்னாங்க, மைக் இல்லாமலே. "ஐயா, தெற்க மூடுனா வடக்க போவாக. அங்க நெரிசலாகும். நீங்க ஒரு பக்கம் காப்பாத்துற மீன மறுபக்கம் அள்ளிருவோம், வேற வழி இல்ல." ரூம்ல ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. மேடம் மட்டும் வேகமா எழுதிக்கிட்டாங்க. மூடுன எடத்துப் படகெல்லாம் பக்கத்து எடத்துல போய்க் குவியுறதுக்கு அவங்க பொஸ்தகத்துல தனிப் பேரே இருக்காம், டீ குடிக்கிறப்ப சொன்னாங்க. வலையமைப்பு திட்டம் போடுறவங்க ரொம்ப இடத்துல கோட்ட விடுறதும் இதத்தானாம்.

மதியச் சாப்பாட்டுல மீன் வறுவல். அக்கா ஒரு வாய் வச்சாங்க, என்னப் பாத்தாங்க. "இது என்ன மீனு தம்பி? முள்ளும் இல்ல, மணமும் இல்ல, சபையில ஒக்காந்திருக்க மாப்ள மாதிரி இருக்கு." பாசா. பண்ணையில வளத்தது. பரிமாறுன தம்பிகிட்ட கேட்டா, "இங்க எல்லாரும் இதத்தான் கேப்பாங்க மேடம்". அக்கா எழுந்து ரூமுக்குப் போய் கருவாட்ட எடுத்துட்டு நேரா சமையக்கட்டுக்குள்ள போயிட்டாங்க. தடுக்கப் போன மாஸ்டரு பெரியகுளத்துக்காரரு, கருவாட்டப் பாத்ததும் அவரே வழி விட்டுட்டாரு. சாயந்தரம் தொக்கு வந்துச்சு. மேடம் மூணு தடவ போட்டுக்கிட்டாங்க, ஜன்னலத் தொறந்து மூடுன மாணவி நாலு.

ஜூன் 11 - அட்டை

காலையில சோலைக்காட்டுக்குள்ள நடை. மத்தியானம் வட்டக்கானல் தாண்டி டால்பின் நோஸ்னு போட்டிருந்தாங்க, கடல் ஆளுகளுக்காகவே வச்ச மாதிரி. மஞ்சுல மூக்கும் தெரியல, டால்பினும் தெரியல, வழுக்குற பாறையும் மிளகாய் பஜ்ஜிக் கடையும்தான் தெரிஞ்சுச்சு. பஜ்ஜி நாலு 60 ரூபா. கொள்ள, ஆனாலும் சாப்ட்டோம்.

சோலைக்குள்ள நடந்து வெளிய வந்தப்ப என் கணுக்கால்ல ரெண்டு அட்டை. நான் கத்துன கத்துல முன்னாடி போன ஆளெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அக்கா குனிஞ்சு உப்பத் தடவி எடுத்து விட்டுட்டு (உப்பும் பையில இருந்துச்சு, கருவாட்டுக்குத் தொணையா) சொன்னாங்க, "நம்ம ஊர்ல நாம அட்டையத் தொட்டா கேஸு. இங்க அட்டை நம்மளத் தொடுது, கேக்க நாதியில்ல."

கூட வந்த கோயம்புத்தூர் பையனுக்குப் புரியல, நான்தான் விளக்குனேன். கடல் அட்டை. 2001ல வனவிலங்குச் சட்டத்துல பட்டியல் ஒன்னுல சேத்துட்டாங்க, புலி இருக்குற அதே பட்டியல். எடுத்தா ஜெயிலு. கடலத் தாண்டி இலங்கைப் பக்கம் லைசென்ஸ் வாங்குனா எடுக்கலாம், ஏற்றுமதியும் பண்ணலாம். ஒரே அட்டை, ஒரே நீரோட்டம், நடுவுல ஒரு கோடு, இங்க குத்தம் அங்க தொழில். அப்ப என்ன ஆகும்? ராத்திரி படகுல அட்டை அந்தப் பக்கம் போகும். நம்ம பேப்பர்ல வாரத்துக்கு ஒரு தடவ வர்ற சேதிதான். அங்க கல்பிட்டி பக்கத்துல பார் ரீஃப் சரணாலயம் 1992லயே இருக்கு, நம்மளதும் இருக்கு, ஆனா ரெண்டையும் ஒரு மேசையில வச்சு விதிய ஒத்துப் போக வைக்கலன்னா பாதுகாப்பு இருந்தும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஆவுளியாவுக்கும் (கடல்பசுதான்) இதே கதைதான், அது கடல்புல்லு இருக்கற பக்கமெல்லாம் மேயும், அதுகிட்ட பாஸ்போர்ட்டா இருக்கு.

நம்ம அரசியல்ல இதப் பேச ஆரம்பிச்சா எங்க போய் முடியும்னு எனக்குத் தெரியும், அதனால இத்தோட நிறுத்திக்கிறேன்.

ராத்திரி பத்தரை மணி, வெளிய மடார்னு சத்தம். கதவத் தொறந்தா காட்டு மாடு, ஒரு சின்ன லாரி சைஸு, விடுதிப் பூந்தொட்டிய மேஞ்சிட்டிருக்கு. வாட்ச்மேன் தாத்தா செல்போன் டார்ச்ச கீழ காட்டிக்கிட்டு நிக்கிறாரு, பதட்டமே இல்ல. "கம்முனு உள்ள இருங்க தம்பி, அது இப்படியே எறங்கி அந்தப் பக்கத் தோட்டத்துக்குப் போயிரும், தெனம் இதே ரூட்டு. நடுவுல இந்த விடுதி வந்து ஏழு வருஷம்தான் ஆச்சு." அவரே சொன்னாரு, 2018ல குறிஞ்சி பூத்தப்ப கூட்டம் தாங்கலையாம், அடுத்தது 2030. நாங்க அன்னைக்கு முழுக்க அந்த 2030 பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தோம், 2022ல மான்ட்ரியல்ல உலக நாடெல்லாம் சேந்து நிலத்துல 30, கடல்ல 30 சதவீதம் 2030க்குள்ள பாதுகாக்கணும்னு ஒத்துக்கிட்டது. தாத்தாகிட்டயும் சொன்னேன். "பூவு கரெக்டா வந்துரும்"னாரு.

ஜூன் 12 - கண்ணியும் முடிச்சும்

கடைசி நாள், பரிந்துரை எழுதுற நாள். காலையில இருந்து கரண்ட் இல்ல, ஜெனரேட்டர்ல டீசல் இல்லையாம். புரொஜெக்டர் இல்லாததால எல்லாரும் நாற்காலிய வட்டமா போட்டு ஒக்காந்தோம், மூணு நாள்ல உருப்படியா பேசுனது அந்த ரெண்டு மணி நேரம்தான்னு நெனைக்கிறேன்.

ஒரு சாரு (ஓய்வு பெற்ற அதிகாரி, பழைய பழக்கம் விடல) இன்னும் எத்தன எடம் அறிவிக்கணும்னு பட்டியல் வாசிச்சுட்டே போனாரு. இத்தன சதுர கிலோமீட்டர், இத்தன சதவீதம். மொழிபெயர்த்த தம்பி ஒவ்வொரு தடவயும் 'வலையமைப்பு, வலையமைப்பு'ன்னான். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "வலைன்னு சொல்றீகளே, கண்ணி எத்தனன்னுதான எண்ணிக்கிட்டு இருக்கீக, முடிச்சு யாரு போடுறா?"ன்னாங்க. சாரு, "அது நிர்வாகம் பாத்துக்கும்மா"ன்னாரு.

அவ்ளோதான். அக்கா ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க தீவுப் பக்கம் பாசிக்குப் போறத தடுத்தப்ப நடந்தது, பையப் புடுங்குனது, அப்பறம் பொம்பளைகளே ஒக்காந்து பேசி மாசத்துல பன்னெண்டு நாள்தான் போறதுன்னு கட்டுப்பாடு வச்சது, ஒரு தகட்ட வச்சு பாரச் சுரண்டக்கூடாது கையாலதான் எடுக்கணும்னு சொன்னது, எல்லாம். "நாங்க வச்ச அந்தக் கட்டுப்பாடு உங்க மேப்புல எங்க இருக்கு?" சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015ல சீகாலஜி விருது (தீவுகளோட சூழலக் காப்பாத்துறவங்களுக்குக் குடுக்கறது) வாங்குனது ரூம்ல பாதிப் பேருக்குத் தெரியல. பாசி எடுக்குற பொம்பள, அமெரிக்கா வரைக்கும் போய் வாங்கிட்டு வந்த விருது. கடல் பாதுகாப்புப் பயிலரங்கத்துலயே தெரியலன்னா வேற எங்க தெரியும்.

நானும் மொத தடவயா வாயத் தொறந்தேன். எங்க மாவட்டத்துல விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள்னு முறை இருக்கு, அது சண்ட போட்டு சமாதானமாகி வந்த முறை, அத மீறுனா என்ன ஆகும்னு கரையில எல்லாருக்கும் தெரியும். புதுசா கோடு போடுறதுக்கு முன்னாடி இருக்கற இந்தக் கோட்ட எல்லாம் மேப்புல ஏத்துங்கன்னேன். இன்னொன்னு, தென்கடல்ல 2016ல பவளம் வெளுத்தப்ப வடகடல்ல என்ன ஆச்சுன்னு ஒரே தாள்ல பாக்க முடியல, ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொரு மாதிரி எழுதுது, பரப்பளவ ஏத்துறதுக்கு முன்னாடி ஒரே மாதிரி எழுதுற நோட்டு ஒன்னு வேணும்னும் சொன்னேன். கொரல் நடுங்குச்சு, குளிர்னு சமாளிச்சுக்கிட்டேன்.

பரிந்துரையில ஏறுச்சா? நடுவுல இருக்கற வெள்ளைக் கரையில மக்களோட பேசி முடிவு பண்றதுன்னு ஒரு வரி ஏறுச்சு. ஊர்க் கட்டுப்பாட்ட பதிவு பண்றது ஏறுச்சு. இலங்கையோட பேசுறது 'உரிய மட்டத்தில்'னு போயிருச்சு. சதவீதம் மட்டும் மொத பக்கத்துலயே தடிச்ச எழுத்துல இருக்கு.

சாயந்தரம் மஞ்சு வெலகி அரை மணி நேரம் ஏரி தெரிஞ்சுச்சு. அழகுதான், ஒத்துக்கிறேன். பிளம்ஸ் கிலோ 160, மலைப்பூண்டு 400 சொல்லி 350க்கு. அக்கா பூண்ட மோந்து பாத்துட்டு அரைக் கிலோ வாங்குனாங்க, ஊர்ப் பூண்டு இதுகிட்ட நிக்காதாம்.

ஜூன் 13 - எறக்கம்

பெருமாள்மலை தாண்டி மரம் சாஞ்சு கெடந்துச்சு, நாப்பது நிமிஷம். அறுக்குற மெஷின் வர்ற வரைக்கும் பஸ்ல இருந்து எறங்குன ஒரு பாட்டி எல்லாருக்கும் வேர்க்கடலை குடுத்துட்டே வந்தாங்க, காசு வாங்கல, எதுக்குக் குடுத்தாங்கன்னும் தெரியல.

டம்டம் பாறையில நிறுத்துனாங்க. எதுத்தாப்புல தலையாறு அருவி, எலிவால் அருவின்னும் சொல்வாங்க, 297 மீட்டர், நூலு மாதிரி எறங்குது. டிரைவர் சொன்னாரு, இது மஞ்சளாறு, கீழ அணை, அங்க இருந்து வைகைக்குப் போகுதுன்னு. அக்கா கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தாங்க. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வரும், மிச்சம் இருந்தா ஆத்தங்கரையில வடகடல்ல சேரும். மிச்சம் இருந்தா.

"அப்ப இது நம்ம தண்ணியா தம்பி?"

"ஆமாக்கா, ஊர் வரைக்கும் வந்தா."

"மூணு நாளா இத ஒருத்தரும் சொல்லல பாரு." மேடம் பக்கத்துலதான் நின்னாங்க. இந்தத் தடவ நோட்டு எடுக்கல, சும்மா தலைய ஆட்டுனாங்க. அலையாத்திக்கும் றால் குஞ்சுக்கும் நல்ல தண்ணி வந்து சேரணும்னு மொத நாள் அவங்க ஸ்லைடுலயே ஒரு வரி இருந்துச்சு, அத யாரும் நிறுத்திக் கேக்கல, நானும்தான்.

வத்தலக்குண்டுல எறங்குனதும் ஸ்வெட்டரக் கழட்டிட்டேன். வேன்லயே விட்டுட்டும் வந்துட்டேன். 450 ரூபா.

ஜூன் 15 - ஊர்ல

நேத்து நள்ளிரவோட தடை முடிஞ்சுச்சு. படகுத்துறையில ஐஸ் உடைக்கிற சத்தம், டீசல் வாட, தூக்கம் வராது, வரவும் வேணாம்.

பயிலரங்கத்துல ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சாங்க, பேரு 'வலையமைப்பு', 43 பேரு. இந்த மூணு நாள்ல அதுல வந்தது 26 காலை வணக்கம், குரூப் போட்டோ, அதே குரூப் போட்டோ இன்னொருத்தர் எடுத்தது. அக்காகிட்ட பட்டன் போன்தான், அதனால இன்னைக்குக் காலையில என் போன வாங்கி வாய்ஸ் அனுப்புனாங்க: "தென்கடல்ல கச்சான் பலமா இருக்கு. எங்க ஊரு வல்லம் பதினெட்டு இன்னைக்கு வடகடலுக்கு வந்திருச்சு. நீங்க கேட்டீகள்ல, எழுதிக்கங்க."

ஒரு கட்டைவிரல் வந்துச்சு. அதுவும் நான் போட்டதுதான்.